எகிப்தியச் சுவரை வாசிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்துக்குள் முதன்முறை நுழைகிறவர், இரண்டு மணி நேரம் நடந்து, கண்ணில் பட்ட விளக்க அட்டைகளையெல்லாம் படித்து, கடைசியில் "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்ற எண்ணத்தோடு வெளியே வருவது வழக்கம். நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். பக்கவாட்டு முகம், நேராகப் பார்க்கும் கண், விறைத்த தோள், வரிசை வரிசையாகப் பறவைகளும் பாம்புகளும். இவற்றில் எதை முதலில் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்தே எனக்கு ஒன்று புரிந்தது. எகிப்தியரின் சுவர், பார்ப்பதற்காக மட்டும் தீட்டப்பட்டதன்று, அது வாசிப்பதற்கானது. அவர்கள் மொழியில் எழுதுவதற்கும் தீட்டுவதற்கும் "செஷ்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. ஓவியரை அவர்கள் "உருவக்கோட்டு எழுத்தர்" என்றே அழைத்தார்கள். ஆகவே எழுத்துத் தெரியாதவர் புத்தகத்தைப் புரட்டுவதுபோல அந்தக் கூடங்களைக் கடந்து போகாமல், சில அடையாளங்களை மட்டும் கற்றுக்கொண்டு மெதுவாக வாசிக்கத் தொடங்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இதற்கு எகிப்துக்குப் போக வேண்டியதில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் தெளிவான படங்களும், ஒரு பென்சிலும், கோடு போட்ட தாளும் போதும்.

முதல் படி: ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்திலேயே துட்டன்காமுனின் தங்க முகமூடியையோ கீசா பிரமிடையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் புகழே நம் கண்ணை மறைத்துவிடும். இறந்தவருக்காக நிறுத்தப்பட்ட நினைவுக்கல் ஒன்றைத் தேடுங்கள். கி.மு. 2000-ஐ ஒட்டிய இடை அரசுக் காலத்துக் கற்கள் அபிடோசிலிருந்து ஏராளமாகக் கிடைத்துள்ளன. பெரிய தொகுப்புகள் பலவற்றிலும் இவ்வகைக் கல் இருக்கும். இறந்தவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார், எதிரே படையல் மேசை இருக்கும், மேலே சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். எகிப்தியக் கலையின் அடிப்படை விதிகளில் பெரும்பாலானவை அந்தச் சிறு பரப்புக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

கால வரிசையை இப்போது மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரமிடுகள் எழுந்த பழைய அரசு ஏறத்தாழ கி.மு. 2686 முதல் 2181 வரை, இடை அரசு 2055 முதல் 1650 வரை, மன்னர்களின் கல்லறைகள் நிறைந்த மன்னர் பள்ளத்தாக்கும் கர்னாக் கோயிலின் பெருமண்டபமும் உருவான புதிய அரசு 1550 முதல் 1069 வரை, கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்கள் 305 முதல் 30 வரை என்ற நான்கு எல்லைகள் நினைவில் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன?

எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் எந்தத் திசையில் வாசிக்க வேண்டும் என்பதை ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம். பட எழுத்துகளில் வரும் பறவை, மனிதர், விலங்கு ஆகியவை வரி தொடங்கும் பக்கத்தையே பார்க்கும். அவை வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து இடமாகவும், இடப்பக்கம் பார்த்தால் இடமிருந்து வலமாகவும், மேலே இருப்பதைக் கீழே இருப்பதற்கு முன்பாகவும் வாசிக்க வேண்டும். இயல்பான திசை வலமிருந்து இடம்தான். ஆனால் வாசலின் இருபுறமும் சமச்சீராக எழுத விரும்பிய இடங்களில், ஒரே வாசகத்தை இரு திசைகளிலும் எதிரெதிராகச் செதுக்கிவிடுவார்கள்.

இந்த விதியால் இன்னொரு பயனும் உண்டு. ஓர் உருவத்துக்கு உரிய எழுத்துகள் பொதுவாக அந்த உருவம் பார்க்கும் பக்கமே பார்க்கும். மன்னரும் தெய்வமும் எதிரெதிரே நிற்கும் காட்சியில், மேலே உள்ள எழுத்துக் கூட்டமும் நடுவில் இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்பதைக் காண்பீர்கள். எந்தச் சொல் யாருடையது என்று பிரித்துக் காட்டும் குறி அது. விளக்க அட்டையைப் படிக்கும் முன்பு இந்தப் பிரிவைப் பென்சிலால் தாளில் குறித்துப் பழகுங்கள். பத்துப் படங்களுக்குள் கண் தானாகவே பிரிக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: படையல் வாசகத்தைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் தேர்ந்தெடுத்த கல்லின் முதல் வரியில், ஒரு கோரைச் செடி, பாயின் மேல் வைத்த அப்பம், ஒடுங்கிய முக்கோணம் ஆகிய மூன்று வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். "ஹெதெப் தி நேசு", அதாவது "மன்னர் அளிக்கும் படையல்" என்று தொடங்கும் வாசகம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எகிப்தியக் கல்லறைகளில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட இந்த வாசகத்தைக் கற்றுக்கொண்டால், அருங்காட்சியகத்தின் பாதிக் கற்கள் பேசத் தொடங்கும்.

அதன் அமைப்பு எளிது. மன்னர் படையலை, இறந்தோரின் தெய்வங்களான ஒசைரிசுக்கோ அனுபிசுக்கோ அளிக்கிறார். அந்தத் தெய்வம் அதை இறந்தவருக்குத் தருகிறது. எவை தரப்படுகின்றன என்ற பட்டியலில் ரொட்டி, பீர், மாடு, பறவை, மெல்லிய கல் சாடி, லினன் துணி ஆகியவை வரும். ஒவ்வொன்றிலும் ஆயிரம் வேண்டும் என்பதால் "ஆயிரம்" என்னும் எழுத்தும் அங்கே நிற்கும். தண்டோடு கூடிய தாமரை இலைதான் அந்த எழுத்து. பிறகு "இன்னாரின் கா-வுக்காக" என்று முடியும். "கா" என்பது ஒருவர் இறந்த பின்னும் உணவு வேண்டி நிற்கும் உயிராற்றல். பெயரை அடுத்து, "சொல் மெய்யானவர்" என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் வந்தால், அவர் மறுமைத் தீர்ப்பில் தேறியவர் என்று கொள்ள வேண்டும்.

இந்தக் கற்களில் எனக்கு மிகவும் பிடித்தது, சிலவற்றில் வரும் வழிப்போக்கர் வேண்டுகோள். கல்லறையைக் கடந்து செல்வோரே, கையில் கொடுப்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாசகத்தை வாய்விட்டுச் சொல்லிச் செல்லுங்கள், அதற்குச் செலவாவது மூச்சு மட்டுமே என்று இறந்தவர் கேட்கிறார். செதுக்கிய ரொட்டி உண்மையான ரொட்டியின் வேலையைச் செய்யும், சொன்ன சொல் படையலாகச் சென்று சேரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எகிப்தியக் கலையின் விறைப்பு, திரும்பத் திரும்ப வரும் தன்மை, மாறாத விதிகள் எல்லாவற்றையும் இந்த நம்பிக்கையிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். என்றென்றும் பயன்பட வேண்டிய பொருளை ஒருவர் தம் விருப்பம்போல வளைத்து வரைய முடியாது.

நான்காம் படி: பெயர் வளையம்

எழுத்துகளைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு கயிறு ஓடி, ஒரு முனையில் முடிச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது அரச பெயர். 1799-இல் கிடைத்த ரொசெட்டா கல்லில் கி.மு. 196-ஆம் ஆண்டின் ஆணை ஒன்று பட எழுத்து, மக்கள் வழக்கு எழுத்து, கிரேக்கம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் வளையத்துக்குள் இருந்த தாலமி என்ற பெயரையும், வேறொரு கல்லில் இருந்த கிளியோபாத்ரா என்ற பெயரையும் ஒப்பிட்டுத்தான் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-இல் எழுத்தின் பூட்டைத் திறந்தார்.

பயிற்சிக்குத் துட்டன்காமுனின் அரியணைப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஒரு வட்டம், ஒரு வண்டு, மூன்று கோடுகள், ஒரு கூடை. கூடை "நெப்", வண்டும் மூன்று கோடுகளும் "கெப்பெரு", வட்டம் "ரா". ஆனால் பெயர் "நெப்கெப்பெருரா". அதாவது மேலே முதலில் எழுதப்பட்ட சூரியன் வாசிப்பில் கடைசியாக வருகிறது. தெய்வத்தின் பெயரை மரியாதைக்காக முன்னால் எழுதும் வழக்கம் அது. இந்த ஒரு பெயரைத் தாளில் ஐந்து முறை வரைந்துவிட்டால், அவருடைய கல்லறைப் பொருள்களின் படங்களில் பெட்டி மூடியிலும் நகையிலும் அதை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ஐந்தாம் படி: உடலை உறுப்பு உறுப்பாகப் பாருங்கள்

"எகிப்தியருக்கு ஆழம் காட்டி வரையத் தெரியாது" என்று பலர் சொல்வதுண்டு. அந்த எண்ணத்தை இந்தப் படியிலேயே கைவிட வேண்டும். பார்ப்பவர் ஓர் இடத்தில் நின்று காணும் தோற்றத்தை அவர்கள் வரைய விரும்பவில்லை. ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்திலிருந்து தெளிவாக அடையாளம் தெரியுமோ அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஒன்றாகக் கோத்தார்கள். முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள்கள் நேராக, கால்கள் மீண்டும் பக்கவாட்டில். பாதங்களைக் கவனியுங்கள். பல ஓவியங்களில் இரண்டு பாதங்களிலும் பெருவிரல் பக்கமே நமக்குத் தெரியும்; இடக்கால் வலக்கால் வேறுபாடே இருக்காது. உங்கள் கையால் நகல் எடுக்கும்போதுதான் இது உறைக்கும். அதனால்தான் நகல் வரையச் சொல்கிறேன். துட்டன்காமுனின் கல்லறையை 1922-இல் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரும், 1891-இல் பதினேழு வயதில் பெனி ஹசன் கல்லறை ஓவியங்களை நகலெடுக்கும் வேலைக்குத்தான் முதலில் எகிப்துக்குப் போனார்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியங்கள், கி.மு. 1350-ஐ ஒட்டியவை, இதற்குச் சிறந்த பாடம். தோட்டக் காட்சியில் குளம் மேலிருந்து பார்த்த செவ்வகமாக இருக்கிறது. குளத்தின் மீனும் வாத்தும் பக்கவாட்டில் தெரிகின்றன. கரையோர மரங்கள் குளத்தின் விளிம்பிலிருந்து வெவ்வேறு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கின்றன. குளம் செவ்வகம், மீன் மீனாகத் தெரிய வேண்டும், மரம் மரமாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு. இன்னொரு துண்டில் நெபாமுன் கோரைப் புதரில் பறவை வேட்டையாடுகிறார். அங்கே ஒரு பூனை பறவைகளை வாயாலும் நகத்தாலும் ஒரே நேரத்தில் பிடித்திருக்கிறது. அதன் மயிர் ஒவ்வொரு கீற்றாகத் தீட்டப்பட்டு, கண்ணில் தங்கத் தகடு வைக்கப்பட்டிருக்கிறது. விதிகளுக்குக் கட்டுப்பட்ட அதே கை, விலங்குகளிடம் வரும்போது எவ்வளவு உன்னிப்பாகக் கண்டிருக்கிறது என்பதற்கு அந்தப் பூனை போதும்.

அளவையும் வாசியுங்கள். பெரிதாக இருப்பவர் அருகில் இருப்பவர் அல்லர், முக்கியமானவர். தென் எகிப்தின் பழைய நகரமான ஹைராகான்போலிசில் கிடைத்த, நார்மர் மன்னரின் பலகை கி.மு. 3100-ஐ ஒட்டியது, 64 சென்டிமீட்டர் உயரமே உடையது. அதில் மன்னர் வெறுங்காலோடு நின்று பகைவனின் தலைமயிரைப் பிடித்துக் கதாயுதத்தை ஓங்குகிறார். அவர் பின்னால் மன்னரின் செருப்பைக் கையில் ஏந்திய ஊழியர் அவரினும் மிகச் சிறியவராக நிற்கிறார். ஒரு பக்கத்தில் மன்னர் தலையில் தென் எகிப்தின் வெண்முடி, மறுபக்கத்தில் வட எகிப்தின் செம்முடி. கதாயுதம் ஓங்கும் இந்தக் கோலத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, எட்ஃபு கோயிலின் நுழைவுக் கோபுரத்தில் பன்னிரண்டாம் தாலமி நிற்கும் கோலத்தைப் பாருங்கள். நடுவில் மூவாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன; ஓங்கிய கை அப்படியே இருக்கிறது.

இந்த ஒழுங்குக்குக் கருவியாக இருந்தது கட்டக் கோடு. செங்காவியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துத் தெறித்துக் கட்டம் போட்டார்கள். நிற்கும் மனிதருக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டங்கள் என்பது இடை, புதிய அரசுக் காலங்களின் அளவு. நீங்களும் தாளில் 18 கட்டம் போட்டு ஓர் உருவத்தை வைத்துப் பாருங்கள். முழங்கால் ஆறாவது கோட்டை ஒட்டி விழும்.

ஆறாம் படி: நிறம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆண்களுக்குச் செம்பழுப்பு, பெண்களுக்கு மஞ்சள் என்பது வழக்கம். இது மரபான அடையாளமே தவிர உண்மைத் தோல் நிறத்தின் பதிவன்று. பச்சை புதுத்தளிரின் நிறம், ஆகவே மீண்டெழும் ஒசைரிசின் முகமும் பெரும்பாலும் பச்சை. கறுப்பு நைல் வண்டலின் நிறம். தம் நாட்டையே அவர்கள் "கறுப்பு நிலம்" என்று பொருள்பட "கெமெத்" என்றார்கள். நீலம் மட்டும் தனிக் கவனத்துக்கு உரியது. மணல், செம்புக் கனிமம், சுண்ணாம்பு, கார உப்பு ஆகியவற்றை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூளையிட்டுச் செய்த எகிப்திய நீலம், மனிதர் செயற்கையாக உருவாக்கிய மிகப் பழைய நிறமிகளில் ஒன்று.

நிறங்கள் பெருமளவு எஞ்சிய இடத்தைக் காண விரும்பினால் நெஃபெர்டாரி அரசியின் கல்லறைப் படங்களைத் தேடுங்கள். 1904-இல் இத்தாலிய ஆய்வாளர் ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்த அந்தக் கல்லறையில், சுவருக்குள்ளிருந்து கசிந்த உப்பு படிகமாகி ஓவியப் பூச்சைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. 1986 முதல் 1992 வரை நடந்த பாதுகாப்புப் பணி, உதிர்வதைத் தடுத்து நிறுத்தியது.

ஏழாம் படி: கோயிலுக்குள் வரிசையாகச் செல்லுங்கள்

எகிப்தியக் கோயிலின் வரைபடத்தைக் கையில் எடுத்து, வாசலிலிருந்து உள்நோக்கி விரலை ஓட்டுங்கள். இரட்டைக் கோபுர வாசல், திறந்த முற்றம், தூண் மண்டபம், பிறகு சிறு அறைகள், கடைசியில் கருவறை. உள்ளே போகப் போகத் தரை சிறிது சிறிதாக உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். படைப்பின் தொடக்கத்தில் நீரிலிருந்து எழுந்த மேட்டை நோக்கி நடப்பதாக அந்த அமைப்பு பொருள் தருகிறது. தூண்கள் அந்த நீர்க்கரையின் கோரையும் தாமரையுமாக இருக்கின்றன.

"கருவறை" என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மக்கள் வரிசையில் நின்று தரிசித்த இடமன்று அது. பொதுமக்கள் வெளி முற்றத்தோடு நின்றார்கள். உள்ளே இருந்த தெய்வ உருவத்தைக் காலையில் முத்திரை உடைத்துத் திறந்து, நீராட்டி, உடுத்தி, உணவு படைத்து, மீண்டும் முத்திரையிட்டது குருமார் மட்டுமே. திருவிழா நாளில் உற்சவப் படகில் தெய்வம் வெளிவந்தபோதும் உருவம் திரையால் மறைக்கப்பட்டிருந்தது. ஒற்றுமைகளைக் கண்டதும் உறவு கொண்டாடும் ஆசை நமக்கு எழுவது இயல்பு. ஆனால் தமிழுக்கும் எகிப்துக்கும் சான்றுள்ள உறவு வணிகத்தில்தான் இருக்கிறது. உரோமர் காலத்துச் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் "பானை ஒறி" என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. அது கோயில் கட்டியவர்களின் கையெழுத்தன்று. கடல் கடந்து வந்து பானையை உறியில் தொங்கவிட்டவர்களுடையது.

கர்னாக் பெருமண்டபத்தில் 134 தூண்கள் உள்ளன. நடுவரிசைகளின் 12 தூண்கள் ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுடையவை. அவற்றின் உச்சியில் கோரைப் பூ விரிந்திருக்கிறது. பக்கத்துத் தாழ்ந்த தூண்களில் அது மொட்டாகவே இருக்கிறது. உயர வேறுபாட்டால் உண்டான இடைவெளியில் கல் சாளரங்களை வைத்து நடுப்பாதையில் மட்டும் ஒளி விழச் செய்தார்கள். ஒளி விழும் இடத்தில் பூ விரிந்தும் நிழலில் மொட்டாகவும் இருப்பதை நேரில் நிற்பவர் உணராமல் இருக்க முடியாது. அங்கேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. பின்னணியை வெட்டியெடுத்து உருவத்தை மேலெழச் செய்வது புடைப்புச் சிற்பம். பின்னணியை விட்டுவிட்டு உருவத்தைச் சுவருக்குள் பள்ளமாக வெட்டுவது குழிவுச் செதுக்கல். வெயிலில் நிழல் ஆழமாக விழுவதற்காக வெளிச்சுவர்களில் குழிவு, உள்ளே புடைப்பு என்பது பொது வழக்கம். முதலாம் சேத்தி மண்டபத்தின் வடபாதியில் நுண்மையான புடைப்பில் செதுக்கினார். தென்பாதியை முடித்த அவருடைய மகன் இரண்டாம் ராம்சேஸ் குழிவுக்கு மாறினார். குழிவு விரைவாக முடியும், பின்வரும் மன்னர் எளிதில் அழிக்கவும் இயலாது. படத்தின் நிழல் எந்த விளிம்பில் விழுகிறது என்று பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம்.

பிரமிடுகளைப் பற்றி ஒரு பத்தி போதும், அவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. சக்காராவில் ஜோசரின் ஆறு படிப் பிரமிடு, தாஷூரில் ஸ்நெஃபெருவின் நடுவில் சாய்வு மாறிய பிரமிடு, அவருடைய சிவப்புப் பிரமிடு, பிறகு 146 மீட்டர் உயர்ந்த கூஃபுவின் பிரமிடு என்று வரிசையாகப் பார்த்தால், தவறித் திருத்தித் திருத்திக் கற்ற கைகள் தெரியும். வானத்திலிருந்து யாரும் வந்து கட்டிக் கொடுக்கவில்லை. 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃபில் கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்களில், மேரர் என்ற கண்காணிப்பாளர் துரா கற்சுரங்கத்திலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற நாட்குறிப்பே இருக்கிறது.

எட்டாம் படி: இல்லாததைப் பாருங்கள்

சுவரில் உருவம் கொத்தி அழிக்கப்பட்டிருந்தால் அதையும் ஒரு வாக்கியமாக வாசிக்க வேண்டும். ஹட்ஷெப்சுட் அரசியின் உருவம் மட்டும் கவனமாக நீக்கப்பட்டு, எதிரே நிற்கும் தெய்வம் காற்றுக்குப் படையல் தருவதுபோல நின்றால், அவருக்குப் பின் வந்த மூன்றாம் துட்மோஸ் ஆட்சியின் பிற்பகுதியை நினையுங்கள். ஆமுன் என்ற தெய்வத்தின் பெயரும் உருவமும் மட்டும் சிதைந்திருந்தால் அது பெரும்பாலும், ஆமுனை ஒதுக்கிச் சூரிய வட்டை மட்டும் வணங்கிய மன்னர் அகெநாத்தன் காலத்து உளியின் வேலை. பெயர் இருந்தால்தான் இருப்பு என்று நம்பியவர்கள், பகைவரை அழிக்கவும் பெயரைத்தான் கொத்தினார்கள்.

ஒன்பதாம் படி: செய்தவர்களைத் தேடுங்கள்

மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளை வெட்டித் தீட்டியவர்கள் டெய்ர் எல்-மெதினா என்ற சிற்றூரில் வாழ்ந்தார்கள். அவர்கள் காகிதம்போலப் பயன்படுத்திய சுண்ணாம்புக்கல் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் தாமதமானபோது வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் ஒன்றின் பின்புறம் போய் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தாம். துரின் நகரில் உள்ள பாப்பிரஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இவர்களுடைய வருகைப் பதிவுக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் ராம்சேசின் 40-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வராத நாளும், அதன் மேல் சிவப்பு மையில் காரணமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரைத் தேள் கொட்டியது, ஒருவருக்குக் கண் நோய், ஒருவர் பீர் காய்ச்சினார், ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணி சுற்றும் வேலையில் இருந்தார்.

இந்தக் கல்லின் படத்தைப் பார்த்த பிறகு, ஹோரெம்ஹெப் மன்னரின் முடிவுறாத கல்லறைச் சுவர்களைப் பாருங்கள். ஒரே சுவரில் சிவப்புக் கட்டம், சிவப்பில் முதல் வரைவு, அதன் மேல் தலைமை ஓவியர் கறுப்பில் போட்ட திருத்தம், உளி தொட்ட இடம், உளி தொடாத இடம் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். சிவப்புக் கோட்டை விட்டுக் கறுப்புக் கோடு எங்கே சற்று விலகிப் போகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு வளைவை மட்டும் உங்கள் தாளில் நகலெடுங்கள்.